போர்டிகோவுக்கு ஒரு தூண்

அண்ணன் வாயிலிருந்து "நீ சொன்னது சரிதான்" என்ற வார்த்தை வருவதற்கு ஒரு பெரிய கார் வேண்டியிருந்தது.

பழைய கார் சின்னது. தூணுக்கு இந்தப் பக்கமாக நுழைத்து ஒடித்துத் திருப்பினால் போர்டிகோவுக்குள் அடங்கிவிடும். வாங்கப்போகும் கார் அப்படி இல்லை. ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்த அன்று, வாசலுக்கு நட்டநடுவே நின்ற தூண் அதை உள்ளே விடவே இல்லை. முன்னால் எடுத்தான், பின்னால் எடுத்தான், பக்கக் கண்ணாடிகளை மடக்கினான். எதிர்வீட்டுக்காரர் வேறு இறங்கி வந்து "ஒடிங்க, ஒடிங்க, போதும், போதும்" என்று கை காட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. கார் போன கையோடு தங்கைக்கு ஃபோன் செய்தான்.

"அந்தத் தூண் தேவையே இல்லைன்னு அப்பவே சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறதாவா! கட்டடத்தின் பாரம் எந்த வழியாக மண்ணுக்கு இறங்குகிறது, எந்த இடத்தில் எவ்வளவு கம்பி வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் அவளுடைய பிழைப்பு. யார் யாருக்கோ மாடிக்கு மேல் மாடி நிற்க வைத்தவள். ஆனால் பிறந்த வீட்டில் அவளுக்கு "இன்ஜினியரம்மா" என்று பட்டம். மரியாதைக்கு வைத்த பட்டம் இல்லை, வம்புக்கு வைத்தது. மின்விசிறி சுற்றாவிட்டால் "இன்ஜினியரம்மாவைக் கூப்பிடு" என்பான் அண்ணன். குழாய் ஒழுகினாலும் அதே பாட்டுதான். அம்மா சிரிப்பாள், அண்ணி சிரிப்பாள், வேறு வழியில்லாமல் அவளும் சிரிப்பாள்.

"ஞாபகம் இருக்கு. அதுக்கென்ன இப்போ?"

"நீ சொன்னது சரிதான். அதை உடைச்சு எடுத்துரலாம்னு பார்க்கிறேன். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டா வேலையை ஆரம்பிச்சிரலாம்."

ஃபோனை வைத்த பிறகும் அந்த மூன்று வார்த்தைகளையும் அவள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்குமேல் ஆன பெண், சொந்தமாக அலுவலகம் நடத்துகிறவள், அண்ணன் சொன்ன ஒரு சொல்லுக்கு இப்படி இளகலாமா என்று கேட்டால் கேளுங்கள். இளகித்தான் போனாள்.

அந்தத் தூணின் கதையைச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் வீடு கட்டியபோது கணக்குகளையும் கம்பிப் படங்களையும் அவள்தான் போட்டாள். போர்டிகோவை முன்பக்கம் தாங்கல் இல்லாமல் வைத்தாள். சுவரிலிருந்து கை நீட்டியதுபோல கான்கிரீட் தளம் வெளியே வரும், கீழே தூண் இருக்காது. நீட்டிய கையில் கனம் ஏறினால் தோளின் மேல்பக்கம்தான் இழுபடும். கான்கிரீட்டும் அப்படியே. நசுக்கினால் அசராது, இழுத்தால் பிளந்துவிடும். இழுபடும் இடத்தில் பிடித்துக்கொள்ளத்தான் கம்பி. ஆகவே இந்த மாதிரித் தளத்தில் கம்பி மேலே இருக்க வேண்டும், அறைக்குள்ளிருக்கும் தளம் வரைக்கும் போய்ப் பிடித்திருக்க வேண்டும். அதைத்தான் அவள் வரைந்தாள், கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் நேரில் போய்த் தொட்டுப் பார்த்தாள். கம்பி வலை சொன்ன இடத்தில், மேலேதான் கட்டியிருந்தது. திருப்தியோடு திரும்பினாள். மறுநாளே வெளியூரில் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள்.

மாதங்கள் கழித்து வந்து பார்த்தபோது போர்டிகோவின் முன்விளிம்பில், நேர் நடுவில், உருண்டையாக ஒரு தூண். தலையில் சிமெண்டுப் பூ வேலைப்பாடு வேறு.

"அந்தரத்துல நிக்குதே, யார் தலையில விழுமோன்னு பயந்தேன். ஒரு தூண் வெச்சா என்ன குறைஞ்சு போச்சு?" என்றான் அண்ணன்.

அவள் சாமி வந்தவள்போல் ஆடித் தீர்த்தாள். பிறகு மேஸ்திரியைத் தனியாகப் பிடித்தாள். அவருக்கு 'சரிங்க மேஸ்திரி' என்றே பேர் விழுந்திருந்தது. யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். முதலாளி வடக்கே வாசல் என்றாலும் சரிங்க, முதலாளியின் மனைவி தெற்கே என்றாலும் சரிங்க. கடைசியில் தனக்கு எது சௌகரியமோ அதைச் செய்துவிட்டு இரண்டு பேரையும் சமாதானப்படுத்திவிடுவார். அன்றைக்கு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சும்மா பார்வைக்குத்தாங்க மேடம். தளத்துக்கு முட்டுக் கொடுத்த சென்ட்ரிங் பலகையைப் பிரிச்சப்புறம்தான் தூணே வெச்சோம். மேல தளத்தைத் தொடலைங்க, ஒரு விரல் அளவு இடைவெளி இருக்கு. பூ வேலையில மறைச்சுட்டோம். சார்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க, மனசு கஷ்டப்படுவாரு."

அவளுக்குக் கோபமெல்லாம் பறந்துவிட்டது. எதையும் தாங்காத தூண்! அன்றிலிருந்து அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். அண்ணன் விருந்தாளிகளிடம் அதைத் தட்டிக்காட்டி, "இவ கணக்கை நம்பியிருந்தா நம்ம கதி அதோகதிதான். நான்தான் இதை வெச்சேன்" என்று அளப்பான். அவள் வாயைத் திறக்கமாட்டாள். தளம் தன் கணக்கில் நிற்கிறது, அண்ணன் தன் தூணைக் கட்டிக்கொண்டு தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். கேட்டதை நம்பினாளே தவிர ஏணி போட்டு ஏறிப் பார்க்கவில்லை. கேட்க அவ்வளவு இனிப்பாக இருந்த பேச்சை யார்தான் சோதித்துப் பார்ப்பார்கள்?

உடைக்கும் நாள் காலையில் அவள் போனபோது வீடு கலகலப்பாக இருந்தது. பிற்பகல் கார் வந்துவிடும். சரிங்க மேஸ்திரி ஓர் உடைப்பு மெஷினோடும் ஒரு வேலையாளோடும் வந்திருந்தார். வேலையாள் கெட்டிக்கார மனிதராகத் தெரிந்தார், வந்ததும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மெஷினின் வயரைச் சரிபார்த்தார். அண்ணன் மகள் கைபேசியோடு தூணைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உடைப்பதைப் படம் பிடித்துப் போடப் போகிறாளாம்.

"வாங்க இன்ஜினியரம்மா" என்றான் அண்ணன். அன்றைக்கு அதில் வம்பு இல்லை. "உன் வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

"மேல போய் ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடறேன்."

"பார்க்க என்ன இருக்கு? உன் கணக்குதானே?"

"பழக்கம்" என்றாள்.

பழக்கம்தான், வேறொன்றும் இல்லை. சந்தேகம் என்று எதுவும் அவளுக்கு இல்லை. கம்பி எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கத்திக் காட்டும் மீட்டர் எப்போதும் அவள் பையில் இருக்கும். மாடி வழியாக போர்டிகோவின் மேல் இறங்கினாள். அண்ணி அங்கே பூந்தொட்டிகள் வைத்திருந்தாள். சுவரும் தளமும் சேரும் இடத்தில், மேலே பதித்த ஓட்டுக் கற்களின் இணைப்பில், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை மெல்லிய கோடு ஓடியது. அந்த இடத்தில்தான் மழைக்கு ஒழுகுகிறது என்று அண்ணி எப்போதோ புலம்பியது நினைவுக்கு வந்தது.

மீட்டரைக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்து நகர்த்தினாள். சத்தம் இல்லை. பேட்டரியைத் தட்டிப் போட்டாள். வீட்டுச் சுவரின் தூணில் வைத்தாள், கத்தியது. மறுபடி தளத்தில் வைத்தாள், வாயே திறக்கவில்லை. பையிலிருந்த உளியால் ஒரு கல்லைப் பெயர்த்துக் கொத்திப் பார்த்தாள். கம்பி இருக்க வேண்டிய ஆழத்தைத் தாண்டியும் வெறும் கான்கிரீட்தான் வந்தது.

கீழே இறங்கி வந்து, ஏணி கேட்டு வாங்கி, தளத்தின் அடிப்பக்கத்தில் மீட்டரை வைத்தாள். வைத்ததும் விடாமல் கத்தியது. தூணின் தலைக்கு ஏறி, சிமெண்டுப் பூவைச் சுரண்டினாள். இடைவெளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உள்ளே இரும்புக் குழாய், அதன் தலையில் தகடு, தகட்டின் மேல் தளம் முழுப் பாரத்தோடு உட்கார்ந்திருந்தது.

 ஏணியில் நின்றபடியே கூப்பிட்டாள்.

"மேஸ்திரி, இங்க வாங்க. கம்பியை எப்ப கீழ இறக்கினீங்க?"

மேஸ்திரி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மேஸ்திரியைப் பார்த்தான்.

"அதுங்க மேடம்... நீங்க பார்த்துட்டுப் போனதுக்கப்புறம் சார் வந்தாரு. தூண் கட்டாயம் வேணும்னாரு. கான்கிரீட் வண்டிக்குச் சொல்லியாச்சு. அதான் அவசரத்துக்கு இரும்புக் குழாயை நிறுத்தி, அது மேலயே தளத்தைப் போட்டோம். ரெண்டு பக்கமும் தாங்கல் வந்துட்டா கம்பி கீழதானே இருக்கணும்? எல்லா ரூமுக்கும் அப்படித்தானே போடறோம்? அதனால வலையை இறக்கிக் கட்டினோம்ங்க."

"இடைவெளி இருக்குன்னு என்கிட்ட சொன்னீங்களே?"

"நீங்க அவ்வளவு கோபமா இருந்தீங்க மேடம்" என்றார் அவர், அது ஒரு காரணம் என்பதுபோல.

அவர் செய்ததில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூண் உண்டென்றால் கம்பி கீழே போக வேண்டியதுதான். ஆனால் கம்பி கீழே போன அந்த நிமிஷமே தளம் தானாக நிற்கும் தளமாக இல்லாமல் போய்விட்டது. தேவையில்லாத தூணை வைத்தார்கள், வைத்ததற்காகவே கம்பியை மாற்றினார்கள், மாற்றியதால் தூண் தேவையாகிவிட்டது. இத்தனை வருஷம் அவள் எந்தத் தூணைப் பார்த்துச் சிரித்தாளோ அதுதான் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

"அண்ணா, தூணை எடுக்கக் கூடாது. எடுத்தா தளம் அப்படியே கீழ வந்துரும்."

அண்ணன் முகம் மாறியது. "என்ன விளையாடறியா?"

"மேல கம்பியே இல்லை."

மேஸ்திரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "மேடம், அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம். ஒரு கம்பி குறைச்சதில்ல. நீங்க எழுதின அளவு, எழுதின எண்ணிக்கை, அப்படியே உள்ள இருக்கு. என் தொழில்ல இதுவரைக்கும் யாரும் கம்பி திருடினேன்னு சொன்னதில்லைங்க."

"திருடினீங்கன்னு யார் சொன்னா? இடம் மாறிப் போச்சுன்னுதான் சொல்றேன்."

"கம்பி குறையலல்ல?" என்றான் அண்ணன்.

"குறையல. ஆனா..."

"அப்புறம் என்ன? மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன, கான்கிரீட்டுக்குள்ளதானே இருக்கு?"

அவள் சமையலறைக்கு ஓடிப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கொண்டுவந்தாள். மதில் விளிம்பில் வைத்துப் பாதியை வெளியே நீட்டி, நுனியை அழுத்திக் காட்டினாள். "பாரு, மேல்பக்கம் இழுத்துக்கிட்டு விரியுது பாரு. இந்த இடத்துலதான் கம்பி பிடிச்சிருக்கணும். கீழ இருக்கறது சும்மா." அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். அண்ணி, "இது இன்னிக்குத்தான் எடுத்த புது ஸ்பாஞ்சு" என்றாள்.

"கான்கிரீட்டும் ஸ்பாஞ்சும் ஒண்ணா?" என்றான் அண்ணன்.

"சரி, தூணை எடுத்தே ஆகணும்னா ஒரு வழி இருக்கு. ரெண்டு மூலையிலயும் இரும்புத் தூண் வெச்சு, முன்னாடி குறுக்கே ஒரு இரும்பு பீம் கொடுப்போம். அப்புறம் நடுவுல இருக்கறதை எடுக்கலாம். வண்டி தாராளமா உள்ள வரும்."

"ஒரு தூணை எடுக்கச் சொன்னா ரெண்டு தூணை வைக்கச் சொல்றே! நல்லா இருக்கே நியாயம். கட்டறப்போ எல்லார்கிட்டயும், எங்கண்ணன் வீட்டு போர்டிகோ தூண் இல்லாம நிக்கும்னு மார்தட்டினவ நீதானே?"

"நான் போட்டபடி கட்டியிருந்தா நிக்கும்."

"உன் வீட்டுக்கும் இதே படம்தானே போட்டே? அச்சு அசல் இதே போர்டிகோ. அங்க ஒரு தூணும் இல்லாம இத்தனை வருஷமா நிக்குதா இல்லையா?"

"நிக்குது."

"அப்ப இங்க மட்டும் ஏன் விழும்? சொல்லு."

அவள் சொன்னதையே மறுபடி சொன்னாள். கம்பி, இழுவிசை, மேல்பக்கம், கீழ்பக்கம். சொல்லச் சொல்ல அவர்கள் முகங்கள் மூடிக்கொண்டே போயின. ஒரே பேச்சை எத்தனை விதமாகச் சொன்னாலும் கேட்கிறவன் மனசில் ஏற்கெனவே ஒரு பதில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

அண்ணன் பக்கத்தில் வந்து குரலைத் தணித்தான். "உனக்கு என்ன கோபம்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு உன் பேச்சைக் கேட்காம தூண் வெச்சேன். அதை மனசுல வெச்சுக்கிட்டு இன்னிக்கு என்னை அலைக்கழிக்கறே. விடும்மா. வாழ்க்கையில முதல் தடவையா உன் பேச்சை நம்பி ஒரு காரியத்துல இறங்கறேன், அதையும் கெடுக்காதே."

பிறகு திரும்பி, "மேஸ்திரி, ஆரம்பிங்க" என்றான்.

மேஸ்திரி அவளைப் பார்த்தார். அப்புறம் அண்ணனைப் பார்த்தார். "சரிங்க" என்றார். ஆனாலும் அவர் மெல்ல நகர்ந்து வெளிக்கேட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டதை அவள் கவனித்தாள்.

வேலையாள் மெஷினைத் தூக்கித் தூணில் வைத்தார். அது உறுமியது. முதல் சில்லுகள் தெறித்தன. பூச்சு உதிர்ந்து குழாய் தெரிய ஆரம்பித்தது. அண்ணன் மகள் நல்ல கோணம் தேடிக்கொண்டு தளத்துக்கு நேர் அடியில் வந்து நின்றாள்.

"நிறுத்துங்க! எல்லாரும் வெளிய வாங்க!"

மெஷின் நின்றது. "வேலைக்கு இடையில கத்தாதே" என்றான் அண்ணன். "நீங்க போடுங்க" என்று வேலையாளுக்குக் கை காட்டினான். வேலையாள் மறுபடி விசையில் விரல் வைத்தார். கூலிக்கு வந்தவர், சம்பளம் கொடுப்பவன் கையைத்தானே பார்ப்பார்?

இவர்களிடம் உண்மையைச் சொல்லிப் பயன் இல்லை என்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. உண்மை நீளமாக இருந்தது, வளைந்து வளைந்து போனது, இரண்டு பேரின் தவறைத் தொட்டுக்கொண்டு போனது. இவர்கள் சட்டென்று நம்பக்கூடிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வருஷக்கணக்காக அதைக் கேட்கத்தான் காத்திருந்தார்கள்.

"அண்ணா, என் கணக்கு தப்பு" என்றாள்.

மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று இன்னும் உரக்கச் சொன்னாள். "நான் போட்ட கணக்கே தப்பு. கம்பி பத்தாது. அன்னிக்கு நீ தூண் வெச்சியே, அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் நிக்குது. சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் மேல கீழன்னு ஏதேதோ சொன்னேன்."

அண்ணன் கையைத் தூக்கினான். மெஷின் நின்றது.

யாரும் எதையும் கேட்கவில்லை. எங்கே தப்பு, எப்படித் தப்பு, என்ன ஆதாரம் என்று ஒரு கேள்வி இல்லை. அவ்வளவு நேரம் ஸ்பாஞ்சை வைத்து மன்றாடியபோது புரியாத பேச்சு இப்போது எல்லாருக்கும் பளிச்சென்று புரிந்துவிட்டது. அண்ணி மகளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டாள். வேலையாள் மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு மெஷினைப் போட்டது போட்டபடி தெருவுக்கே போய்விட்டார். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அண்ணன் அன்னிக்கே சொன்னானேடி" என்றாள்.

அண்ணன் முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. சந்தோஷமாக இருந்தான். தன் வீட்டுக் கூரை அபாயத்தில் இருக்கிறது என்று கேட்டும் அவன் சந்தோஷப்பட்டான்.

"இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே பைத்தியக்காரி" என்று அவள் தோளைத் தட்டினான். "தப்பு எல்லாருக்கும் வரும். நான் என்ன அடிக்கவா போறேன்?" பிறகு ஏதோ தோன்றி நின்றான். "அப்ப உன் வீடு? அங்கயும் இதே கணக்குதானே?"

அதை அவள் யோசிக்கவே இல்லை. இல்லை, அங்கே கம்பி சரியாக இருக்கிறது என்று சொன்னால் எல்லாம் மறுபடி ஆரம்பமாகும். மெஷின் இன்னும் தூணடியில்தான் கிடந்தது.

"ஆமா. அதே கணக்குதான்" என்றாள்.

கேட்டைத் தாண்டும்போது சரிங்க மேஸ்திரி கூடவே வந்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, அனுதாபத்தோடு சொன்னார்: "மேடம், மனசை விட்டுராதீங்க. பெரிய பெரிய ஆளுங்களுக்கே நடக்கறதுதான். நான் வெளியில யார்கிட்டயும் சொல்லமாட்டேங்க."

அவரை அறையலாம்போல வந்தது. "நன்றி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேஸ்திரி சொல்லாவிட்டால் என்ன, அண்ணன் சொன்னான். பெருமைக்காகச் சொன்னானே தவிர அவளைக் கெடுக்க வேண்டும் என்று இல்லை. தூண் அவனுடைய தூண், காப்பாற்றியது அவனுடைய புத்தி. புதுக் கார் ஏன் தெருவில் நிற்கிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொன்னான். அவனுடைய நண்பர் ஒருவர் மருத்துவமனை கட்ட இருந்தார், அதற்குக் கணக்குப் போட அவளிடம் பேசியிருந்தார். அவர் ஃபோன் செய்து, வேலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருப்பதாக நயமாகச் சொன்னார். தள்ளிப் போடவில்லை, வேறொருவர் அஸ்திவாரத்துக்கு அளவு எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

அண்ணன் மட்டும் நாள் தவறாமல் பேசினான். இத்தனை அன்பு இவனிடம் எங்கே இருந்தது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டான், தூங்கினாயா என்று கேட்டான். 'இன்ஜினியரம்மா' என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டு, சின்ன வயதில் கூப்பிட்டதுபோல் 'குட்டி' என்று கூப்பிட ஆரம்பித்தான். அவள் சரியாக இருந்த வருஷங்களிலெல்லாம் கிடைக்காத அண்ணன், தப்புச் செய்தவள் ஆனதும் கிடைத்துவிட்டான். ஒருநாள் அப்படிப் பேசி வைத்த பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

"எனக்கு ஒரு யோசனை வந்துச்சு குட்டி" என்றான் இன்னொரு நாள். "இங்க ரெண்டு மூலையிலயும் இரும்புத் தூண் வெச்சு, குறுக்கே ஒரு பீம் கொடுத்துட்டா நடுத்தூணை எடுத்துரலாம்ல? வண்டியும் உள்ள வந்துரும்."

"நல்ல யோசனை" என்றாள்.

"ஆனா முதல்ல உன் வீடு. என் வீட்ல ஒரு தூணாவது இருக்கு. உன்னுதுல அதுவும் இல்லையே, நினைச்சாலே பகீர்ங்குது. நாளைக்கே மேஸ்திரியை அனுப்பறேன். அங்க முடிஞ்சப்புறம்தான் இங்க கை வைக்கணும். மாட்டேன்னு மட்டும் சொல்லிராதே."

மாட்டேன் என்று சொல்லலாம். தன் வீட்டுத் தளத்துக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னால், அப்படியென்றால் என் வீட்டுத் தளத்துக்கு மட்டும் என்ன என்று கேட்பான். அந்த நடுத்தூணில் ஏற்கெனவே பூச்சு உதிர்ந்து குழாய் தெரிகிறது, மெஷின் இன்னும் அவன் வீட்டிலேயே இருக்கிறது. மூலைத் தூண்கள் ஏறும்வரை அவள் வாயைத் திறக்க முடியாது.

அவள் வீட்டின் முன்னறைதான் அவள் அலுவலகம். வருகிறவர்கள் எல்லாரும் போர்டிகோவின் கீழ் நடந்துதான் உள்ளே வர வேண்டும். சுவரை விட்டு விரிந்து நிற்கும் தளம், அடியில் வெற்று வெளி. சிலர் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். "இது எப்படிங்க நிக்குது?" என்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் பாதிப் பேர் அவளிடம் வேலை கொடுத்தார்கள். கம்பி கட்டியதிலிருந்து கான்கிரீட் இறுகியதுவரை அவள் பக்கத்திலேயே நின்று போட்ட தளம் அது. அவள் போட்டவற்றில் யாராலும் ஒரு குறையும் சொல்ல முடியாதது.

மறுநாள் காலை மேஸ்திரி வண்டியில் இரும்புக் குழாயை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அண்ணனும் அம்மாவும் கூடவே வந்திருந்தார்கள். அம்மா போர்டிகோவுக்குள் கால் வைக்கவே மாட்டேன் என்று தெருவிலேயே நின்றாள். அலுவலகத்துக்கு வீட்டுப் படம் கேட்டு வந்திருந்த ஒரு கணவனும் மனைவியும் கதவருகே தயங்கி நின்று, குழாயையும் தளத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"ஏதாவது பிரச்சினைங்களா மேடம்?" என்று அந்த மனைவி கேட்டாள்.

அண்ணன் முந்திக்கொண்டான். "ஒண்ணுமில்லம்மா. தங்கச்சி கணக்குல சின்னத் தப்பு. நாங்க இருக்கோம்ல, பார்த்துக்கறோம்."

அவர்கள் "அப்ப இன்னொரு நாள் வர்றோம்" என்று சொல்லிவிட்டு, தளத்துக்கு அடியில் வராமல் ஓரமாகவே நடந்து வெளியே போனார்கள்.

"எந்த இடம்னு மேடமே போட்டுக் கொடுத்துட்டா நல்லதுங்க" என்று மேஸ்திரி சாக்குக்கட்டியை நீட்டினார். அண்ணன் கேட்டருகே போய் நின்று, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்றான். அவள் தன் தளத்துக்கு அடியில் குந்தி, வாசலுக்கு நேர் நடுவில் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தாள்.